நெகிழ்வுப் பட்டியல்

ஐப்பசியில் எங்கள் பக்கம் பட்டுநூல் சீக்கிரம் காயாது, மேடம். உங்கள் பேச்சைக் கேட்டால் தெற்கத்திக்காரர் என்று தெரிகிறது, அதனால் சொல்கிறேன். சாயம் போட்ட நூலைக் கழியில் மாட்டி வெயிலில் வைத்தால் ஒரு பகலில் வேலை முடிந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் மூன்று நாளானாலும் ஈரம் போகாது. நிறம் திட்டுத்திட்டாக இறங்கிவிடும். சேவூரில் கெங்கம்மாள் அக்கா வீட்டில் மட்டும் போன இரண்டு ஐப்பசியிலும் நூல் அரை நாளில் காய்ந்தது. அதற்குக் காரணம் நான். வாக்குமூலம் எழுதுகிறவரை இதை முதலில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் பெயர் இளஞ்செழியன். வயது முப்பத்தெட்டு. எலக்ட்ரிகல் டிப்ளமா படித்தவன். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறேன். சேவூரில் கெங்கம்மாள் அக்கா குடியிருக்கும் தெருவில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தது நான்தான். அங்கே எந்த வீட்டுக்குள் போனாலும் எதற்கு வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். நான் நேராக மீட்டர் பெட்டிக்குப் போவேன். பின்னாலேயே சொம்பில் தண்ணீர் வரும். அப்படி ஒரு நம்பிக்கை.

பிட்காயின் மைனிங் என்றால் என்ன என்று உங்கள் எஸ்.ஐ. நேற்று கேட்டார். உலகம் முழுக்க நடக்கும் பரிமாற்றங்களைப் பக்கம் பக்கமாகத் தொகுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முத்திரை வைக்க வேண்டும். அந்த முத்திரைக்கு ஒரு எண் வேண்டும். யோசித்தால் அது கிடைக்காது, ஊகித்து ஊகித்துப் பார்க்கத்தான் முடியும். இயந்திரம் ஒரு நொடியில் கோடி கோடியாக ஊகிக்கும். முதலில் கண்டுபிடிப்பவருக்குப் புதிய நாணயம். என்னைப் போன்ற சிறியவர்கள் கூட்டாகச் சேர்ந்து தேடி, தேடிய அளவுக்குப் பங்கு வாங்கிக்கொள்வோம். முத்திரை விழுந்த பக்கத்தை அதன் பிறகு யாரும் திருத்த முடியாது. பொய் சொல்ல இடமே இல்லாத ஏற்பாடு. எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

என்னிடம் ஆறு இயந்திரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு டிரங்குப் பெட்டியில் பாதி அளவு. சத்தம் விசைத்தறிக்குச் சளைத்ததில்லை, அனல் அடுப்பு மாதிரி. வேறு ஊராக இருந்தால் ஒரே நாளில் அக்கம்பக்கம் கூடிவிடும். சேவூரில் இன்னொரு தறி ஓடுகிறது என்றுதான் நினைப்பார்கள். அனலுக்குத்தான் இடம் தேட வேண்டியிருந்தது. கெங்கம்மாள் அக்கா கணவர் இல்லாதவர், சாயம் போட்டுப் பிழைக்கிறவர். அவர் வீட்டுப் பின்னறை காலியாக இருந்தது. இயந்திரங்களை அங்கே வைத்து, வெளிவரும் சூடான காற்றை நூல் கழிகள் பக்கம் திருப்பிவிட்டேன். அவர் கையை நீட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, வூட்டுக்குள்ளயே வெயில் அடிக்குது" என்றார்.

ஜக்கார்டு டிசைன் போடும் கம்ப்யூட்டர் என்று சொன்னேன். அது முழுப் பொய் இல்லை. கம்ப்யூட்டர் என்பது உண்மைதான்.

இனி மின்சாரம். நெசவாளர் வீடுகளுக்கு அரசு தரும் இலவச யூனிட் சில வீடுகளில் மிச்சமாகிப் போய்க்கொண்டிருந்தது. வீணாகிறதே என்று எனக்கு மனது கேட்கவில்லை. ஆரம்பத்தில் இயந்திரங்களை லோடு ஆட்டோவில் ஏற்றி, வீடு வீடாக நான்கு நான்கு நாள் வைத்து ஓட்டினேன். நெகிழ்வான முறை என்று அதற்குப் பெயர் வைத்தேன். ஒரு முறை ஏற்றி இறக்கும்போது ஒரு இயந்திரத்தின் போர்டு விரிசல் விட்டது. எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதன் பிறகு இயந்திரங்களை அலைக்கழிப்பதை விட்டுவிட்டு, மின்சாரத்தை அவை இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தேன். கம்பத்திலிருந்து வரும் ஒயரில், மீட்டருக்கு முன்னால், ஒரு இணைப்பு. எஃப்.ஐ.ஆரில் இதைத் திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதில் தகராறு வேண்டாம்.

தகராறு வந்தது டிரான்ஸ்பார்மரால். ஒரு தெருவுக்கென்று வைத்த டிரான்ஸ்பார்மர் அது. தறி, ஃபேன், மோட்டார் எல்லாம் ஓடும் நேரத்தில் என் இயந்திரங்களும் சேர்ந்தால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போனால் லைன்மேன் வருவார். இரண்டு முறை போனால் ஏன் போகிறது என்று பார்ப்பார். அவர் அவருடைய வேலையைச் செய்வார், அதில் தப்பில்லை. ஆகவே ஃபியூஸ் போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பானது.

தெருவில் இருபத்திரண்டு வீடுகளுக்கு நான் ஒரு சிறிய பெட்டி இலவசமாக மாட்டிக் கொடுத்தேன். வோல்டேஜ் ஏறி இறங்கினால் டிவி, ஃப்ரிட்ஜ் எரியாமல் காப்பாற்றும் என்று சொன்னேன். உண்மையாகவே காப்பாற்றும். கூடுதலாக ஒரு வேலையும் செய்யும். தெருவில் லோடு ஏறும்போது என் போனில் இருக்கும் ஆப் அந்தந்த வீட்டின் மின்சாரத்தைத் தானாகவே நிறுத்தும், நானே தொட்டும் நிறுத்தலாம். ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம், பிறகு அடுத்த வீடு. மழை குறைந்த காலத்தில் வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதில்லையா, அதே மாதிரி.

போனில் இரண்டு பட்டியல்கள் வைத்திருந்தேன். நிறுத்தக்கூடிய வீடுகள் நெகிழ்வுப் பட்டியலில் இருக்கும். என்ன ஆனாலும் நிற்கக் கூடாதவை பாதுகாப்புப் பட்டியலில். இரண்டாவதில் என் ஆறு இயந்திரங்கள் இருந்தன. ஆனால் நான் மனிதத்தன்மை இல்லாதவன் அல்ல. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடந்தபோது படிக்கிற பிள்ளைகள் இருந்த மூன்று வீடுகளையும் அதில் சேர்த்திருந்தேன். பரீட்சை முடிந்ததும் எடுத்துவிட்டேன். கந்தசாமி மாமா வீடும் முதலிலிருந்தே அதில்தான் இருந்தது.

கந்தசாமி மாமா வீடு கெங்கம்மாள் அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். மாமா என்பது உறவில்லை, தெருவில் கூப்பிட்டுப் பழகியது. முப்பத்தைந்து வருஷம் சாயப் பட்டறையில் கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவர். அந்த ஆவி நுரையீரலைத் தின்றுவிட்டது. நாள் முழுக்க ஜன்னலோரக் கட்டிலில்தான். காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தரும் மெஷின் ஒன்று கட்டிலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும், மூக்கில் குழாய். அவர் மனைவி சின்னம்மாள் அதைக் காத்து மெஷின் என்பார். மகள் துர்கா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். காலையில் பஸ் ஏறினால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவாள். மகன் சூரத்தில் தறி ஓட்டுகிறான். அந்த வீட்டுக்கு இன்வெர்ட்டர் மாட்டியதும் நான்தான்.

போன மாதம் கத்திரி வெயிலில், ஒரு வெள்ளிக்கிழமை, இன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அங்கே போனேன். மாமா என்னைக் கையசைத்துக் கட்டிலுக்குக் கூப்பிட்டார். நான்கு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கித்தான் பேசுவார். நான் சேர்த்துச் சொல்கிறேன்.

"இளஞ்செழியா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. நாலு நாளா பாக்கறேன். நேத்து மத்தியானங்கூட எதிர் வூட்ல ஃபேன் நின்னுது. பாத்துகினே கீறேன், இருபது நிமிசத்துல அது சுத்த ஆரமிச்சிது. ஒடனே அதுக்கு அடுத்த வூட்ல நின்னுது. அப்புறம் அதுக்கு அடுத்த வூடு. கரண்ட் கட்டுன்னா தெருவே போவணும் இல்ல. இது இன்னாவோ பந்தில எல எலயா பரிமார்ற மாதிரி போவுது."

"பழைய லைனு மாமா. அப்டித்தான் இருக்கும்" என்றேன்.

"என் வூட்ல மட்டும் போவவே இல்ல. அதான் எனக்கே ஒரு மாதிரியா கீது" என்றார். "கைக்கொழந்த வெச்சிகினு கீறவங்கல்லாம் வெக்கையில பேஜாரா கீறாங்க. துர்காகிட்ட சொல்லிகீறேன். திங்கக்கெழம அவளுக்கு லீவு. கரண்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வரேன்னா. எந்த வூட்ல எப்ப போச்சின்னு எல்லாம் என் மனசுல கீது. படுத்தே கெடக்கிறவனுக்கு வேற இன்னா வேல."

நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் இன்வெர்ட்டரைத் திறந்து பார்த்தேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. சார்ஜ் பிடிக்கவில்லை, கடைக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்து திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்று சின்னம்மாள் அத்தையிடம் சொன்னேன். அவர் வாசல் வரைக்கும் வந்து கேட்டை விரியத் திறந்துவிட்டார், பேட்டரி கனமாக இருக்கும் என்று.

அந்தப் பேட்டரியைப் பின்னறையில் இன்டர்நெட் மோடத்துக்குப் பொருத்தினேன். மறுநாள் விருந்தாளி வருவதாக இருந்தது, அப்போது இன்டர்நெட் அறுந்தால் நன்றாக இருக்காது. அன்று சாயங்காலம் கடையில் டீ குடித்துக்கொண்டே, போனில் கந்தசாமி மாமா வீட்டைத் தொட்டு, பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நெகிழ்வுப் பட்டியலுக்கு இழுத்துவிட்டேன். தன் வீட்டில் மட்டும் போகவில்லையே என்று வருத்தப்பட்டது அவர்தான். எல்லோரையும் சமமாக நடத்துவதில் என்ன தவறு என்று நினைத்தேன்.

விருந்தாளி சக்கரவர்த்தி அண்ணன். கண்ணமங்கலம் போகும் சாலையில் ரைஸ் மில் வைத்திருக்கிறவர். மில்லுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் முப்பது இயந்திரம் போடலாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே பயம், பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது. நெகிழ்வான, பாதுகாப்பான மைனிங் என்று தலைப்புப் போட்டுப் பதினாறு பக்கத்துக்கு ஒரு விளக்கம் தயாரித்திருந்தேன். அவர் முதல் பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"பேப்பர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஒரு வூட்ட நிறுத்திக் காட்டு, பாக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை பகல் இரண்டு நாற்பது, கெங்கம்மாள் அக்கா வீட்டுப் பின்னறை. பட்டியலில் இருபத்திரண்டு வீடுகள் இருந்தன. நான் கந்தசாமி மாமா வீட்டைத் தொட்டேன். கையால் தொட்டு நிறுத்தினால் இருபது நிமிடக் கணக்கு இல்லை, மறுபடி தொடும் வரைக்கும் மின்சாரம் வராது. கை தவறிப் பட்டது என்று என் வக்கீல் சொல்லச் சொன்னார். கை தவறவில்லை.

இயந்திரங்கள் ஒரே சீராக ஓடின. அறைக்கு வெளியே கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கெங்கம்மாள் அக்கா அன்று நூல் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தார். ஐந்து நிமிடத்தில் என் போன் அடித்தது. சக்கரவர்த்தி அண்ணன், "வூட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா?" என்று அப்போதுதான் கேட்டிருந்தார். எனக்கு அது பொருத்தமாகப் பட்டது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, கரண்ட் போயிட்ச்சிப்பா. காத்து மெஷின் நின்னு போச்சு. பேட்டரியும் இல்ல. எப்ப வரும்?" என்றார் சின்னம்மாள் அத்தை.

"லைன்ல ஃபால்ட்டு அத்தே. ஆளுங்க பாத்துகினு கீறாங்க. ஜல்தியா வந்துடும்" என்றேன்.

"சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிட்டார்.

"பாத்தீங்களாண்ணே, கரண்ட் கட்டுன்னுதான் நெனைக்கிறாங்க" என்றேன். அவர் சிரித்தார். பிறகு, "காத்து மெஷின்னா இன்னா?" என்று கேட்டார். ஏர் கூலர் மாதிரி என்று சொன்னேன். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை மேடம், தயவுசெய்து அவரை இதில் இழுக்க வேண்டாம்.

மூன்று மணிக்கு இரண்டாவது போன். இதை எழுந்து தள்ளிப்போய்ப் பேசினேன்.

"தம்பி, சின்ன சிலிண்டர தொறந்து வெச்சிகீறேன். நாப்பது நிமிசந்தான் வரும்னு துர்கா சொல்லிகீறா. நூத்தியெட்டுக்கு போன் பண்ணட்டா?"

"வேணாம் அத்தே. இந்த வெயில்ல அவர தூக்கிகினு போனாத்தான் கஷ்டம். இதோ வந்துடும். நான் சொல்றேன் இல்ல."

அவர் நான் சொன்னதைக் கேட்டார். அந்தத் தெருவில் எல்லோரும் கேட்பார்கள்.

மூன்றரைக்கு மூன்றாவது போன், சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று. இன்னும் ஐந்தே நிமிடம் என்றேன். அந்தச் சமயத்தில் சக்கரவர்த்தி அண்ணன் நல்ல கேள்வி ஒன்று கேட்டுக்கொண்டிருந்தார். யாராவது கெஞ்சினால், சண்டைக்கு வந்தால், முறையை மாற்றுவாயா என்று. அதுதான் உண்மையான கேள்வி. நான் சொன்னேன், "மாத்தினா அது செக்யூரான சிஸ்டம் இல்லண்ணே." அவர் தலையாட்டினார். நான் அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவரை ஜெயித்தேன் என்று நினைக்கிறேன்.

நான்காவது போன் மூன்று நாற்பதுக்கு வந்தது. அதைப் பற்றி நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். கடைசியில் சொல்கிறேன்.

அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அவர்கள் பதினெட்டு நிமிடத்தில் வந்துவிட்டார்கள். அவர்களிடம் தாமதம் இல்லை. தாமதம் முழுக்க நான் வேண்டாம் என்று சொன்னதால் ஆனது. சைரன் கேட்டு சக்கரவர்த்தி அண்ணன் வாசலை எட்டிப் பார்த்தார்.

"பக்கத்து வூட்ல யாருக்குன்னா முடியலயா?"

"பெரியவருண்ணே. ரொம்ப நாளாவே முடியாம கீறாரு."

நான்கரைக்கு அவர் என் கையைக் குலுக்கினார். முப்பது போதாது, நாற்பதாகப் போடலாம் என்றார். அவர் கார் திரும்பியதும் மாமா வீட்டுக்கு மின்சாரம் கொடுத்தேன். ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தபோது காத்து மெஷின் கட்டிலுக்குக் கீழே ஓட ஆரம்பித்திருந்தது. குழாய் தரையில் கிடந்தது. உயிர் போய்விட்டது என்று பார்த்துச் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸ்காரர்கள் கிளம்பியிருந்தார்கள். சின்னம்மாள் அத்தை மெஷினைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ சொன்ன மாதிரியே வந்துட்ச்சி தம்பி, கொஞ்சம் லேட்டாயிட்ச்சி" என்றார். அவருக்கு யார் மேலும் கோபம் இல்லை. நானும் கொஞ்சம் அழுதேன். அது நடிப்பு இல்லை, மேடம்.

மகன் சூரத்திலிருந்து ரயிலில் வர திங்கட்கிழமை ஆகும். அந்த வெயிலில் உடல் தாங்காது. ஃப்ரீசர் பெட்டிக்கும் ஷாமியானாவுக்கும் நான்தான் ஏற்பாடு செய்தேன். பெட்டி நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று, அதற்கு மட்டும் சுவருக்கு மேலாக என் லைனிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தேன். அந்த வீட்டைத் திரும்பப் பாதுகாப்புப் பட்டியலுக்கு மாற்றவில்லை. காத்து மெஷின் தேவையில்லாத வீடு ஆகிவிட்டது அல்லவா.

அங்கேதான் எனக்குச் சறுக்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துக்கத்துக்கு வந்தவர்களால் தெரு நிறைந்துவிட்டது. எல்லா வீட்டிலும் ஃபேன். லோடு ஏறியது. முறைப்படி மாமா வீடும் அணைந்தது. கூட்டம் விசிறிக்கொண்டு வெளியே வந்தது. துர்கா மட்டும் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"கரண்ட் போச்சி. பொட்டி மட்டும் எப்டிம்மா ஓடுது?"

"இளஞ்செழியன் தம்பி நல்ல லைன்லேர்ந்து இழுத்துக் குட்த்துகீது" என்றார் அத்தை.

"நல்ல லைன்னா?"

துர்கா ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். சுவரேறிக் கெங்கம்மாள் அக்கா வீட்டுப் பின்னறைக்குள் அது போயிற்று. அக்கா கதவைத் திறந்துவிட்டார், அவருக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. நான் ஷாமியானாவுக்குக் கீழே பெரியவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் முகமெல்லாம் வியர்வை. உள்ளே ஆறு இயந்திரங்களையும் பார்த்திருக்கிறாள். தரையில் தன் வீட்டுப் பேட்டரியையும் பார்த்திருக்கிறாள். வாங்கிய தேதியை அதன் மேல் மார்க்கரால் எழுதிவைத்தது அவள்தான்.

என்னிடம் சத்தம் போடவில்லை. "எங்கப்பா நாலு நாளா சொல்லிகினு இருந்தாருண்ணா" என்றாள். அவ்வளவுதான். நேராக இங்கே வந்துவிட்டாள்.

மற்றது எல்லாம் என் போனில் இருக்கிறது. எந்த வீடு எத்தனை மணிக்கு அணைந்தது, யார் அணைத்தது என்று ஆப் தானாகவே எழுதிவைக்கும். நானே நினைத்தாலும் அழிக்க முடியாதபடி அதை அமைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். ஆப் சரியாக வேலை செய்திருக்கிறது.

இனி நான்காவது போன். அத்தை பேசவில்லை. போனை மாமாவின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார் போலிருக்கிறது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. இழுத்து இழுத்து, இடையில் நீளமாக நின்று, மறுபடி இழுத்து. ஒரு இடத்தில் என் பெயரைச் சொல்ல முயன்றார் என்று நினைக்கிறேன், முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. நாற்பத்திரண்டு விநாடி கேட்டேன். வலது கையில் போன், கட்டைவிரலுக்குக் கீழே அவர் வீடு. தொட்டிருந்தால் அந்த வீட்டுக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்திருக்கும். திங்கட்கிழமை கரண்ட் ஆபீசுக்குத் துர்காவின் மனுவும் போய்ச் சேர்ந்திருக்கும். நான் தொடவில்லை. தெரிந்தேதான் தொடவில்லை. முதல் நாள் பேட்டரியை எடுத்தபோதே இது இப்படித்தான் முடியும் என்று எனக்குத் தெரியும்.

கொலை என்று எழுதப் போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள் மேடம், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் ஆறு இயந்திரங்களில் ஒன்றுகூட ஒரு விநாடி நிற்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இளஞ்செழியன் செய்த வேலையில் குறை இருந்தது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.